முனிராஜ் சாப்பிடாமல்தான் வந்தார்

ஓய்வு பெற்றால் நிம்மதி என்று யார் சொன்னார்களோ, அவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓசூரில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. போன மாதம் அங்கே புது மெஷின் வந்திருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் அதுவே கண்டுபிடித்து, திரையில் சிவப்பாகக் காட்டி, மாதிரியை ஒதுக்கிவிடுமாம்.

"இனிமே டியூப்ப தூக்கி வெளிச்சத்துல பாக்குற வேலையே இல்ல மேடம்" என்று ஸ்டெல்லா போனில் குதித்தாள். நான் விட்டுவந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நல்ல பெண், வேலையில் சுத்தம்.

"சரி, சாப்பிடாம வந்தவருக்கும் சிவப்பு காட்டினா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"அது எப்படி மேடம் காட்டும்? சாப்ட்டுட்டு பொய் சொல்றாங்கன்னு அர்த்தம். திருப்பி அனுப்பிடுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. பாகலூர் முனிராஜ் கண் முன்னால் வந்து நின்றார். "போன்ல சொன்னா ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுவீங்க, எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் வாயும் அப்படித்தான்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லாவியில் பிறந்து, சேலத்தில் லேப் டெக்னீஷியன் படித்து, ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஊசி போடப் பழகியதும் நரம்பு தேடப் பழகியதும் எல்லாரும் பழகுவதுதான். எனக்கு உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இந்தக் கம்பெனி ஆட்கள். சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் வருடத்துக்கு ஒரு முறை தங்கள் ஆட்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும், ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். எதுவும் என்றால் எது என்பதில்தான் சண்டையே.

"டீ எப்படி மேடம் சாப்பாட்டுல சேரும்?" என்பார் ஒருவர். நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர், "சாப்படலீங்க, ரெண்டு பன்னுதான்" என்பார். கெலமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "சோத்தக் கண்ணால பாக்கலம்மா" என்று சத்தியம் பண்ணிவிட்டு, களி மட்டும் தின்றதாகப் பிறகு சொன்னார். அவரைப் பொறுத்தவரை களி தின்றால் விரதம் கெடாது போலிருக்கிறது. நான் கத்துவேன், அவர்கள் சிரிப்பார்கள், மறுநாள் திரும்ப வருவார்கள்.

யார் சாப்பிட்டார்கள் என்று குழாயே சொல்லிவிடும். ரத்தத்தை உறையவிட்டு, எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். வெறும் வயிற்றில் எடுத்திருந்தால் அது வெளிறிய மஞ்சளாக, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டு வந்திருந்தால் கலங்கி நிற்கும், சில நேரம் வெள்ளை வெளேரென்று பாலாகவே இருக்கும். பால் சீரத்தில் மெஷின் சரியாக அளக்காது. அதனால் 'உணவுக்குப் பின் எடுத்தது, மறுபடி அனுப்பவும்' என்று ஒரு முத்திரை வைத்திருந்தோம். குத்தி அனுப்பிவிடுவோம்.

எங்கள் டாக்டர் கோமதிக்கு அந்த முத்திரையைக் கண்டாலே ஆகாது. திருநெல்வேலிக்காரர். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது. உரக்கப் பேசமாட்டார், ஆனால் விடவும் மாட்டார். குழாயைக் கையில் எடுத்தால் முதலில் ஜன்னலுக்குப் போவார், பிறகுதான் மெஷினுக்கு. சந்தேகம் வந்த எந்தக் குழாயையும் தனியாகப் பார்க்க விடமாட்டார். "ஏ பத்மா, பக்கத்துல ஒண்ணு வையி. ஒத்தையா பாத்தா நம்ம மனசுல உள்ளதத்தான் பாப்போம்" என்பார். அந்தப் பக்கத்துக் குழாய் அதே நேரம், அதே நிலையில் இருந்த இன்னொரு ஆளுடையதாக இருக்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் என் கையையே நீட்டச் சொல்வார். என் ரத்தம் எத்தனை தடவை அந்த ரேக்கில் உட்கார்ந்தது என்று கணக்கே இல்லை.

ஒரு முறை ஒரே கம்பெனியின் கேன்டீன் மாஸ்டரும் வெல்டர் ஒருவரும் சேர்ந்து வந்தார்கள். மாஸ்டர் நல்ல பருமன், வெல்டரோ ஊதினால் பறந்துவிடுவார். ரிப்போர்ட் வந்தால் மாஸ்டருக்குக் கொலஸ்ட்ரால் அழகாக இருக்கிறது, வெல்டருக்கு எகிறிக் கிடக்கிறது. வெல்டர் விட்டாரா? "மாத்திப் போட்டுட்டீங்க மேடம்! அவரு ஆக்குறத அவரும் திங்கறாரு, நானும் திங்கறன்" என்று லேபையே இரண்டாக்கிவிட்டார். டாக்டர் அவரை உட்காரவைத்து, "சாம்பார் ஒண்ணுதான் ஐயா, குடிச்ச உடம்பு ரெண்டுல்லா" என்றார். கொழுப்பை உடைப்பதற்கும் ஒட்டுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் உடம்பில் என்சைம் என்று நொதிகள் இருக்கின்றன, அவை எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை, பெற்றவர்களிடமிருந்து வந்தது பாதி, வயசும் பழக்கமும் மீதி என்று பொறுமையாகச் சொன்னார். வெல்டர் முழுக்க நம்பவில்லை. ஆனால் மாத்திரை வாங்கிக்கொண்டார்.

இனி முனிராஜ்.

பாகலூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்தவர். அந்த வருடம் அவரைப் பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. கான்ட்ராக்டில் இருப்பவனுக்குப் பெர்மனென்ட் என்றால் என்ன என்று ஓசூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற எல்லாம் முடிந்து, மெடிக்கல் ரிப்போர்ட் மட்டும் பாக்கி. வந்தார், ரத்தம் கொடுத்தார், சீரம் பாலாக வந்தது. முத்திரை விழுந்தது. மறுபடி வந்தார், மறுபடியும் பால், மறுபடியும் முத்திரை.

கம்பெனி பர்சனல் ஆபீசர் சேகர் எனக்குப் போன் போட்டார். "என்ன மேடம் இவன்? ஒரு வேளை வயித்தக் கட்ட முடியல, பொய் வேற சொல்றான். இதுலயே பொய் சொல்றவன நாளைக்கு மெஷின்ல எப்படி நம்பி விடறது? இந்த வாரம் ரிப்போர்ட் வரலன்னா அடுத்த ஆளப் போட்டுருவேன்." கெட்ட மனிதர் இல்லை சேகர். இரண்டு முத்திரையைப் பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்?

மூன்றாவது முறை முனிராஜ் வெள்ளிக்கிழமை வந்தார். வந்தவர் கையை நீட்டவில்லை. என் மேசை முன்னால் நின்றுகொண்டு, "மேடம், நான் சாப்படல. நேத்தும் சாப்படல, போன வாரமும் சாப்படல. தண்ணி கூட பயந்து பயந்துதான் குடிச்சேன்" என்றார். பேசப் பேசத் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிட்டது. "தேவராணே மேடம், தேவராணே" என்று கடவுள் மேல் ஆணையிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அத்தனை ஆண்கள் காத்திருக்கிற இடத்தில் ஒரு ஆண் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் முத்திரையைத் தொட மனசு வரவில்லை. டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். கடுகு கடுகாக மஞ்சள் பொரிகள் இருந்தன, ரத்தத்தில் கொழுப்பு மிக ஏறினால் தோலில் வருபவை. "வயித்து வலி வருமா?" என்று கேட்டார்.

முனிராஜ் திகைத்துப்போனார். "சின்னதுலருந்து வரும் மேடம். விருந்து, கிருந்துன்னு நல்லா சாப்ட்டா வரும். சுருண்டு படுத்துக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் போனா, எவ்ளோ குடிப்பேன்னுதான் கேக்கறாங்க. நான் குடிக்கறதே இல்ல மேடம்."

"அப்பா அம்மா சொந்தத்துலயா கல்யாணம் பண்ணாவ?"

"அப்பாவோட அக்கா பொண்ணுதாங்க எங்கம்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பக்கத்துக் குழாய் கேட்கிற பார்வை. "நாளைக்குப் புரட்டாசிச் சனி. உங்க வீட்டுல ஒரு பொழுது உண்டுமா?" என்று கேட்டார்.

உண்டாம். பெருமாளுக்கு விரதம், வெள்ளி ராத்திரியிலிருந்து மறுநாள் பூசை முடிகிற வரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடமாட்டார்கள். டாக்டர் அவருடைய மனைவி மஞ்சுளாவுக்கு அங்கிருந்தே போன் போட்டார். நாளை காலை இருவரும் பூசைக்கு முன்னால் சேர்ந்து வர வேண்டும், இருவருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். சேகருக்கும் போன் போட்டு, திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலை வண்டியிலிருந்து இறங்கும்போதே மஞ்சுளாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. புருஷனுக்குப் பரிந்து பேச வந்த முகம் அல்ல. டாக்டர் அறைக்குள் போனதும் கொட்டிவிட்டாள்.

"நீங்களே கேளுங்க மேடம். இவரு குடிக்கிறாரு. எனக்குத் தெரியாம கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கம் போயி குடிச்சிட்டு வர்றாரு. என் தங்கச்சி கல்யாணத்துல கறி விருந்து. சாப்ட்ட கொஞ்ச நேரத்துல பந்தல்லயே வாந்தி எடுத்து உருண்டாரு. அத்தன சனமும் சிரிச்சுது. எங்க நாயினா இவரு சட்டையப் புடிச்சு வெளிய தள்ளிட்டாரு. அதோட சரி. மாப்பிள்ளன்னு வாய் தொறந்து கூப்பிட்டதில்ல, குடிகாரன்னுதான் பேச்சு. நான் பொறந்த வீட்டு வாசல மிதிச்சு மூணு வருசம் ஆச்சு."

நாயினா என்றால் அப்பா, அவள் பிறந்த வீட்டில் தெலுங்கு. முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, நேத்து ராத்திரியிலருந்து இவர் என்ன சாப்பிட்டார்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல. அது மட்டும் சத்தியம். கண்ணுல வெளக்கெண்ண விட்டுகிட்டுப் பாத்துகிட்டே இருந்தேன்."

"நீ?"

"நானும்தான்."

இருவரையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரே ரப்பர் பட்டையை முதலில் அவர் கையிலும் பிறகு அவள் கையிலும் கட்டினேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த குழாய்கள். உறைகிற வரை காத்திருந்து, எதிரெதிராக வைத்துச் சுழற்றினேன். எந்திரம் நிற்கிற வரை மூடியைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நானே அன்று அவசரப்பட்டேன், டாக்டர் முறைத்தார்.

ரேக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் ஓரம் கொண்டுபோனோம். மஞ்சுளாவின் சீரம் தெளிந்த மஞ்சள். முனிராஜுடையது பால்.

மஞ்சுளா குனிந்து பார்த்தாள். வீட்டில் இரண்டு மாடு, தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். "இது பாலேதான் மேடம்" என்றாள். பிறகு தன் குழாயைப் பார்த்தாள். மறுபடி அவருடையதைப் பார்த்தாள். "ரெண்டு பேருமே ஒண்ணும் தின்னலையே" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாம் சாப்பிடுகிற கொழுப்பு ரத்தத்தில் கலந்து பாலாகத்தான் ஓடும், அதை வெட்டிச் சுத்தம் செய்ய ரத்தக் குழாய்களின் சுவரில் லைபேஸ் என்று ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது, உனக்கு அது நன்றாக வேலை செய்கிறது, சில மணி நேரத்தில் எல்லாம் தெளிந்துவிடும், சொந்தத்துக்குள் கல்யாணம் பண்ணினவர்கள் பிள்ளைகளுக்குச் சில நேரம் வருவதுபோல இவருக்குப் பிறவியிலேயே அது மிகக் குறைவாக இருக்கும் போலத் தெரிகிறது, அதனால் எத்தனை வேளை பட்டினி கிடந்தாலும் ரத்தம் தெளிவதில்லை என்றார். "கொழுப்பு இந்த மாதிரி ஏறிக் கெடந்தா கணையம் வீங்கும்மா. அன்னைக்குப் பந்தல்ல இவர் உருண்டது அதனாலதான் இருக்கும். கறி விருந்து சாப்பிட்டாருல்லா? குடிச்சவனுக்கு வர்ற வலி மாதிரியேதான் இதுவும் வரும். பாக்குறவனுக்கு வித்தியாசம் தெரியாது."

மஞ்சுளா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அன்னைக்கு நீ குடிக்கலையா?"

"அன்னைக்கே சொன்னேனே மஞ்சு" என்றார் முனிராஜ்.

அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தபோது மஞ்சுளா வராந்தாவில் நின்று போனில் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் தெலுங்கு புரியும். "நாயினா, அவரு குடிக்கல. அன்னைக்கு அவரு குடிக்கல. நம்பலன்னா இங்க வந்து உன் கண்ணால பாரு" என்று அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் குழாயை டாக்டர் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். யாரும் அசைக்கக் கூடாது என்று ஒட்டி வைத்தேன். ஒரு ராத்திரி வைத்தால், என்றோ சாப்பிட்டு வெட்டப்படாமல் தங்கிப்போன கொழுப்பு மட்டும் மேலே ஆடையாகக் கட்டும், அடியில் சீரம் தெளியும். மேலும் கீழும் கலங்கியே நின்றால் காரணம் வேறு. செலவில்லாத சோதனை. ஸ்டெல்லா, உன் புது மெஷினுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இன்னும் இருக்கிறதுதானே?

கம்பெனி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு அங்கேயே நிற்கும். திங்கட்கிழமை டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'இவர் உணவு உண்ணாமல் இருந்தார் என்பதற்கு நானே பொறுப்பு. இவருடைய ரத்தத்தின் இயல்பு இது' என்று இருந்தது. சேகர் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "அவர்கிட்ட நான் கொஞ்சம் கடுமையா பேசிட்டேன் மேடம்" என்றார். பிறகு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அந்த நொதியைச் சுவரிலிருந்து ரத்தத்துக்கு இறக்க ஓர் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அளந்தார்கள். டாக்டர் சொன்னதுதான், நொதி பேருக்குத்தான் இருந்தது. எண்ணெய், நெய், கறி எல்லாவற்றையும் கிட்டத்தட்ட அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். வலி நின்றது. பெர்மனென்ட் ஆர்டரும் வந்தது. அவர்கள் மகனுக்கும் ரத்தம் பார்த்தோம், தெளிந்த சீரம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. காலையில் லேபைத் திறக்கும்போதே வாசலில் மூன்று பேர் நின்றார்கள். முனிராஜ், மஞ்சுளா, இவர்களிடமிருந்து நாலடி தள்ளி வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். கெலமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நாராயணப்பா, மஞ்சுளாவின் அப்பா.

"அந்த ரத்தத்த நான் பாக்கணும்" என்றார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது.

ஃபிரிட்ஜைத் திறந்து, குலுக்காமல் குழாயை எடுத்துக் காட்டினேன். மேலே வெண்ணெய் நிறத்தில் கெட்டியாக ஆடை, கீழே தெளிந்த மஞ்சள். பெரியவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். டாக்டர் வந்து, மகளுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் ஒரு முறை சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று சட்டைக் கையை மடித்தார்.

"எனக்கும் எடுங்க. ராத்திரியே சோறு வேணாம்னுட்டேன். இது பக்கத்துல வெச்சுப் பாக்கறேன்."

தேவையே இல்லை. ஆனால் டாக்டர் தலையை ஆட்டினார், நான் எடுத்தேன். பெரியவரின் சீரம் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. இரண்டு குழாயையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. முனிராஜ்தான், "மாமா, பசியோட இருக்கறீங்க. வாங்க, எதிர்ல போயி எதனா சாப்படலாம்" என்றார்.

எதிரில் ஒரு டிபன் கடை. நானும் டீ குடிக்க அங்கேதான் போவேன், போனேன். பக்கத்து மேசையில் அவர்கள். முனிராஜ் தனக்கு இட்லி சொன்னார், டாக்டர் சொல்லியிருந்தபடி எண்ணெய் வேண்டாம், தேங்காய்ச் சட்னி வேண்டாம், தாளிக்காத சாம்பார் இருந்தால் கொஞ்சம் போதும் என்றார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெறும் இட்லியைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு பெரியவரிடம் திரும்பினார்.

"உங்களுக்கு நெய் ரோஸ்ட் போடட்டுங்களா? இங்க அதான் பேமஸ்."

நாராயணப்பா மருமகன் தட்டில் இருந்த வெறும் இட்லியைப் பார்த்தார்.

"நெய்யெல்லாம் வேணாம்பா" என்றார். "மாப்பிள்ளைக்கு என்ன வெச்சியோ, அதையே எனக்கும் வெய்யி."